"யோசிச்சு யோசிச்சே வயசு போட்டுது" – அம்மா சொல்வது உடம்புக்கும் பொருந்துமா?

முல்லை_மகள் | ஞாயிறு, இரவு 9.15

கொஞ்ச நாளாகவே இதைக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன கிழமை நானும் அம்மாவும் புதுக்குடியிருப்பிலிருந்து முல்லைத்தீவுக்குப் பஸ்ஸில் போனோம். நிற்க இடமில்லாத சனம். பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று எழும்பி, "இருங்கோ அம்மம்மா" என்று இடம் விட்டது. நல்ல பிள்ளை, அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அம்மாவுக்கு வயது 54தான். அந்தப் பிள்ளையின் தாயைவிட ஏழெட்டு வயது கூட இருக்கலாம், அவ்வளவுதான். அம்மா ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டார். இறங்கி நடக்கும்போது மட்டும், "யோசிச்சு யோசிச்சே வயசு போட்டுது பிள்ளை" என்றார்.

எங்கள் வீட்டுக் கதை இங்கே பலருக்கும் தெரிந்த கதைதான். 2009இல் போரின் கடைசி மாதங்களில், மாத்தளனில் வைத்து அண்ணையைத் தவறவிட்டோம். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. அன்றிலிருந்து அம்மா இரவில் படலைக்குக் கொளுக்கி போட்டதில்லை. நாய் குரைத்தால் எழும்பிவிடுவார். விடிய நாலு மணிக்கு அடுப்படியில் நிற்பார். சாப்பாடு இரண்டு பிடி. பின்னேரமானால் பெருமூச்சு. இப்போது மீன் வெட்டும்போது விரலில் பட்ட ஒரு சின்னக் காயம் ஒரு மாதமாகியும் மாறவில்லை. அதற்கும் அதே பதில்தான்: "எல்லாம் யோசனையால."

மனச்சோர்வும் மன அழுத்தமும் உடம்பின் கலங்களையே முதுமையாக்கிவிடும் என்று எங்கோ வாசித்தேன். உண்மையா? உண்மையென்றால் அதைத் திருப்ப வழி இருக்கிறதா? விடயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வயல்வரம்பு | திங்கள், காலை 5.50

இதற்கு ஆராய்ச்சி வேண்டுமா தங்கச்சி? எங்கள் ஊர்ச் சனத்தின் பழைய அடையாள அட்டைப் படத்தையும் ஆளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்து வருடப் படம் இருபது வருடம் சொல்லும். கவலை தின்னாத உடம்பு வன்னியில் எங்கே இருக்கிறது?

கனகராயன்_கரை | திங்கள், இரவு 8.30

தங்கச்சி, நான் உயர்தர உயிரியல் படிப்பிக்கிறவன். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உடலின் கலங்களுக்குள் மரபுச் செய்தியைச் சுமக்கும் 46 நிறமூர்த்தங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் இரண்டு நுனியிலும் டெலோமியர் என்ற பகுதி இருக்கிறது. பனையோலைப் பாய் இழைப்பதைப் பார்த்திருப்பீர்கள். நடுவை எவ்வளவு இறுக்கி இழைத்தாலும் கரையை மடித்து முடிக்காவிட்டால் பாய் ஓரத்திலிருந்து பிரிந்து போகும். நிறமூர்த்தத்துக்கு அந்த மடித்த கரைதான் டெலோமியர். டிஎன்ஏயின் எழுத்துகளில் ஆறு சேர்ந்த ஒரே வரி (டி-டி-ஏ-ஜி-ஜி-ஜி) ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடவை திரும்பத் திரும்ப வரும். அதில் செய்தி எதுவும் இல்லை. உள்ளே இருக்கும் செய்தியைக் காப்பதுதான் அதன் வேலை.

கலம் பிரியும் ஒவ்வொரு தடவையும் இந்தக் கரையில் கொஞ்சம் குறையும். ஓர் அளவுக்குக் கீழே தேய்ந்தால் கலம் பிரிவதை நிறுத்திவிடும். மனிதக் கலங்களை ஆய்வுகூடத்தில் வளர்த்தால் ஏறத்தாழ 40 முதல் 60 தடவை வரை பிரிந்துவிட்டு நின்றுவிடுகின்றன என்று லெனாட் ஹேஃப்லிக் 1961இல் காட்டினார். ஏன் நிற்கின்றன என்பது பிறகுதான் விளங்கியது. எலிசபெத் பிளக்பேர்ன் குளத்து நீரில் வாழும் ஒரு சின்ன ஒற்றைக்கல உயிரை வைத்து டெலோமியரை ஆராய்ந்தார். அவருடைய மாணவி கரோல் கிரைடர் 1984இல் அந்தக் கரையைத் திரும்பக் கட்டும் நொதியத்தைக் கண்டார். அதன் பெயர் டெலோமரேஸ். இவர்கள் இருவருக்கும் ஜாக் சொஸ்டாக்குக்கும் 2009 ஒக்ரோபரில் மருத்துவ நோபல் பரிசு அறிவித்தார்கள். அந்த ஒக்ரோபரில் எங்கள் சனம் எங்கே இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். நான் மெனிக்பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் தண்ணீர் வரிசையில் நின்றேன். இந்தச் செய்தியை வாசித்தது இரண்டு வருடம் கழித்துத்தான்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். 2004இல் எலிசா ஈப்பலும் பிளக்பேர்னும் சேர்ந்து 58 தாய்மாரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். அதில் 39 பேருக்கு நாட்பட்ட வருத்தமுள்ள பிள்ளை, மற்றவர்களின் பிள்ளைகள் சுகமானவர்கள். இரண்டு பகுதியினரின் சராசரியில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் வருத்தக்காரப் பிள்ளையை எத்தனை வருடம் பார்த்தார்களோ அத்தனைக்கு டெலோமியர் குட்டை. அதைவிட முக்கியமானது, 58 பேரிலும் ஆகக் கூடிய அழுத்தத்தை உணர்ந்த தாய்மாரின் வெண்குருதிக் கலங்கள், ஆகக் குறைவாக உணர்ந்தவர்களுடையதைவிடக் குறைந்தது பத்து வயதாவது கூடியவை போல இருந்தன.

ஆக, சுமை எவ்வளவு என்பதைவிட அதை எப்படி உணர்கிறோம் என்பதில்தான் விடயம் இருக்கிறது. உங்கள் அம்மா சொன்னதில் உண்மை இருக்கிறது.

பாலைமரம் | திங்கள், இரவு 10.05

கனகராயன் அண்ணை, நீங்கள் நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அந்தக் கடைசிப் பந்தி எனக்குக் குத்துகிறது.

நான் பன்னிரண்டு வருடமாகக் கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கிராமங்களில் உளசமூகப் பணியில் இருக்கிறேன். "எப்படி உணர்கிறோம் என்பதில்தான் விடயம் இருக்கிறது" என்ற சொல் ஒரு தாயின் காதில் எப்படி விழும் தெரியுமா? "நீ யோசிக்கிறபடியால்தான் உனக்கு வருத்தம்" என்றுதான் விழும். ஏற்கெனவே வீட்டுக்காரர், அயலவர், மருந்து எடுக்கப் போகும் இடம் எல்லாரும் அவர்களிடம் சொல்வது ஒரே சொல்தான்: "யோசிக்காதேங்கோ." பிள்ளையைத் தேடும் தாய் யோசிக்காமல் என்ன செய்வது?

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் தொடர் போராட்டத்தில் இருக்கத் தொடங்கினார்கள். இருந்த தாய்மாரில் எத்தனையோ பேர் பதில் கிடைக்காமலே கண்ணை மூடிவிட்டார்கள். அவர்களின் அழுத்தம் உள்ளே ஊறியது இல்லை, வெளியிலிருந்து வந்தது. பதில் சொல்ல வேண்டியவர்கள் சொல்லாமல் விட்டதால் வந்தது.

போலின் பொஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் காத்திருக்கும் நிலையை முடிவு தெரியாத இழப்பு என்று பிரித்துக் காட்டினார். செத்த வீடென்றால் எட்டு உண்டு, அந்தியேட்டி உண்டு, வருடத்துக்கு ஒரு திவசம் உண்டு. அழுவதற்கு ஒரு நாள் இருக்கிறது, அழுது முடிப்பதற்கும் ஒரு நாள் இருக்கிறது. இந்தத் தாய்மாருக்கு அது ஒன்றுமே இல்லை. படத்துக்கு மாலை போட்டால் தானே பிள்ளையைக் கொன்றது போல என்று ஒரு அம்மா என்னிடம் சொன்னார். இதை அவர் "உணரும் விதம்" என்று நான் எப்படி எழுதுவேன்?

கனகராயன்_கரை | செவ்வாய், காலை 6.20

பாலைமரம் தங்கச்சி, நீங்கள் சொன்னது சரி. நான் எழுதிய விதம் பிழை. இரவு முழுக்க யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

அந்த ஆய்வில் அழுத்தத்தை அளந்த கேள்விக்கொத்தில் ஒரு கேள்வி ஏறக்குறைய இப்படி இருக்கும்: கடந்த ஒரு மாதத்தில் உங்கள் வாழ்க்கையின் முக்கியமான விடயங்கள் உங்கள் கையில் இல்லை என்று எத்தனை தடவை உணர்ந்தீர்கள்? பிள்ளையைத் தேடுகிற தாய் அதற்கு "ஒவ்வொரு நாளும்" என்று பதில் சொன்னால், அது மனதின் பிழையான கணக்கு இல்லை. உள்ளதை உள்ளபடி சொல்கிறார். அளவுகோல் அளந்தது அவருடைய கையறு நிலையை. அதை நான் அவருடைய சுபாவம் போல எழுதிவிட்டேன்.

முல்லை_மகள் | செவ்வாய், மாலை 4.40

இருவருக்கும் நன்றி. பாலைமரம் அக்கா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மாலை போட்ட கதை வந்ததும் எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

மனச்சோர்வு வருத்தமாகவே வந்தால்? அதற்கும் அப்படி ஆய்வு இருக்கிறதா?

கனகராயன்_கரை | செவ்வாய், இரவு 9.00

இருக்கிறது. நெதர்லாந்தில் 2,407 பேரை வைத்துச் செய்தது, 2013இல் வெளியானது. மனச்சோர்வு இப்போது உள்ளவர்கள், முன்பு இருந்து மாறியவர்கள், ஒருபோதும் இல்லாதவர்கள் என்று மூன்றாகப் பிரித்தார்கள். மனச்சோர்வு இல்லாதவர்களைவிட மற்ற இரண்டு பகுதியினருக்கும் டெலோமியர் ஏறக்குறைய 80 எழுத்து குட்டை. அந்த ஆட்களில் ஒரு வயதுக்கு ஏறக்குறைய 14 எழுத்து குறைந்தது. பிரித்துப் பார்த்தால் ஐந்தாறு வயது வருகிறது. மனச்சோர்வு கடுமையாகவும் நீண்ட காலமாகவும் இருந்தவர்களுக்கு இன்னும் குட்டை.

இதை இரண்டு விதமாகப் பார்க்க வேண்டும். தொடர்பு உண்மையானது, திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். ஆனால் இது சராசரிகளுக்கு இடையிலான வித்தியாசம். ஒரே வயதுக்காரர் இருவருக்கிடையே இயல்பாகவே ஆயிரக்கணக்கான எழுத்து வித்தியாசம் இருக்கும். 80 எழுத்து அதற்குள் காணாமல் போகும். அதோடு அந்த ஆய்வு இரத்தத்தை ஒரு தடவைதான் எடுத்து அளந்தது. சோர்வால் கரை தேய்ந்ததா, சின்ன வயதுக் கஷ்டம் இரண்டையும் சேர்த்துக் கொண்டுவந்ததா என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

எப்படித் தேய்கிறது என்பதற்கு மூன்று வழி சொல்கிறார்கள். அழுத்தம் நீண்டால், அழுத்தத்தின்போது சுரக்கும் கோட்டிசோல் ஓமோனின் ஒழுங்கு குலையும். ஒட்சியேற்றத் தாக்கம் கூடும். அந்த ஆறெழுத்தில் மூன்று ஜி அடுத்தடுத்து வருகிறதல்லவா, ஒட்சியேற்றம் கூடுதலாகக் கடிக்கிற இடம் அதுதான். மூன்றாவது, உடம்பில் இலேசான அழற்சி நிரந்தரமாக எரிந்துகொண்டிருக்கும். அதற்கு ஈடுகொடுக்க நோயெதிர்ப்புக் கலங்கள் அளவுக்கு மிஞ்சிப் பிரியும், கரை கெதியாகக் குறையும். நித்திரையின்மை, புகை, குடி எல்லாம் இதற்கு எண்ணெய் ஊற்றும்.

தாதி_அக்கா | செவ்வாய், இரவு 10.30

டெலோமியர் ஒரு பக்கம் இருக்கட்டும். முல்லை_மகள், அம்மாவின் விரலில் ஒரு மாதமாகக் காயம் மாறவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இரத்தத்தில் சீனி சோதித்தீர்களா?

நான் இருபது வருடமாகக் காயத்துக்கு மருந்து கட்டுகிறவள். மனக்கவலை காயம் மாறுவதைப் பிந்தவைக்கும் என்பது உண்மைதான். 1995இல் அமெரிக்காவில் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர் என்ற உளவியலாளர், மறதி நோயுள்ள உறவினரைப் பராமரிக்கும் 13 பெண்களுக்கும் அந்தச் சுமை இல்லாத 13 பெண்களுக்கும் கையில் மூன்றரை மில்லிமீற்றர் அளவில் ஒரே மாதிரிச் சிறு காயம் ஏற்படுத்திப் பார்த்தார். பராமரிப்பவர்களுக்குக் காயம் மாற ஒன்பது நாள் கூடுதலாக எடுத்தது. ஒன்பது நாள்தான். ஒரு மாதமாகியும் வாய் மூடாமல் இருந்தால் அதை யோசனையின் தலையில் கட்டிவிட்டு இருக்கக் கூடாது.

எங்கள் சனத்தில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான். களைப்பா, யோசனை. மெலிவா, யோசனை. இரவில் நாலு தரம் எழும்புகிறாரா, யோசனை. சலரோகமும் இதையேதான் செய்யும். இரத்தச்சோகையும் தைரொயிட் குறைவும் மனச்சோர்வு மாதிரியே வந்து நிற்கும். அம்மாவின் துயரம் பொய் என்று நான் சொல்லவில்லை அம்மா. துயரம் உள்ளவருக்கும் சீனி வரும், அழுத்தம் சீனியைக் கூட்டவும் செய்யும். நாளைக்கே வெறும் வயிற்றோடு கூட்டிக்கொண்டு போங்கள். இந்த மூன்றையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

ரொறன்ரோ_தம்பி | புதன், காலை 7.10

அக்காமாருக்கும் அண்ணைமாருக்கும் வணக்கம். நான் மல்லாவிப் பெடியன், இப்போது ஸ்காபரோவில் இருக்கிறேன். இங்கே வீட்டிலிருந்தே டெலோமியர் அளந்து பார்க்கும் பெட்டி விற்கிறார்கள். எச்சிலோ ஒரு துளி இரத்தமோ அனுப்பினால் "உங்கள் கல வயது" என்று பதில் வரும். டெலோமரேஸைக் கூட்டும் குளிசை என்றும் விளம்பரம் வருகிறது. விலை கூடத்தான். முல்லை_மகள் விரும்பினால் அம்மாவுக்கு நான் எடுத்து அனுப்புகிறேன், காசு வேண்டாம். என் அம்மா 2016இல் போய்விட்டார், அவருக்கு ஒன்றும் செய்யக் கிடைக்கவில்லை.

கனகராயன்_கரை | புதன், இரவு 7.45

தம்பி, உன் மனதுக்கு முதலில் நன்றி.

பெட்டி வேண்டாம். ஒரு தனி ஆளின் வாழ்வு பற்றி அந்த எண் ஒன்றும் உறுதியாகச் சொல்லாது. குட்டை என்று வந்தால் அம்மா அதையும் தூக்கிவைத்து யோசிப்பார். நீளம் என்று வந்தால் அவருடைய துயரம் பெரிதில்லை என்று யாரோ ஒருவர் சொல்லுவார்.

குளிசை கட்டாயம் வேண்டாம். டெலோமரேஸ் இருமுனைக் கத்தி. புற்றுநோய்க் கலங்களில் பத்தில் ஒன்பது அளவுக்கு அந்த நொதியத்தை முடுக்கிவிட்டுத்தான் ஓயாமல் பிரிகின்றன. பிறப்பிலேயே டெலோமியர் நீளமாக அமைந்தவர்களுக்குச் சில வகைப் புற்றுநோய்கள் கூடுதலாக வருவதையும் கண்டிருக்கிறார்கள். கரை நீளமென்றால் நல்லது, குட்டையென்றால் கெட்டது என்று உடம்பு அவ்வளவு எளிதாகக் கணக்கு வைப்பதில்லை.

சின்னக்குளம் | புதன், இரவு 11.20

நான் இங்கே வாசிப்பேன், எழுதுவதில்லை. 2009இல் எனக்கு ஆறு வயது. பங்கருக்குள் இருந்தது, மணல் காதுக்குள் போனது, கஞ்சிக்கு நின்றது ஞாபகம் இருக்கிறது. இப்போது ஒரு வேலையில் இருக்கிறேன், நல்லாகத்தான் இருக்கிறேன். ஆனால் இந்த இழையை வாசித்த பிறகு நித்திரை வரவில்லை. அந்த வயதிலேயே எங்கள் கலங்கள் தேய்ந்து முடிந்துவிட்டனவா?

பாலைமரம் | புதன், இரவு 11.50

முடியவில்லை தம்பி. முதலில் ஒரு கிளாஸ் தண்ணீர் குடியுங்கள். நான் விழித்துத்தான் இருக்கிறேன், தனிமடல் போட்டால் கதைக்கலாம்.

கனகராயன்_கரை | வியாழன், காலை 5.40

தம்பி, இதை ஒளிக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் ஒளித்தால் நீங்கள் தேடி அரைகுறையாக வாசிப்பீர்கள். பிரித்தானியாவில் 236 பிள்ளைகளுக்கு ஐந்து வயதிலும் பத்து வயதிலும் டெலோமியரை அளந்தார்கள். 2013இல் வெளியான ஆய்வு. வீட்டு வன்முறை, சகமாணவர் கொடுமை, பெரியவர்களின் அடி என்பவற்றில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டதை அனுபவித்த பிள்ளைகளுக்குக் கூடுதலாகத் தேய்ந்திருந்தது.

இனி மற்றப் பக்கம். கலத்தின் வயதை அளக்க இன்னொரு வழி இருக்கிறது. டிஎன்ஏயின் மேல் மெதைல் என்ற சிறு இரசாயன அடையாளங்கள் வயதோடு மாறும். ஸ்டீவ் ஹோர்வாத் 2013இல் அப்படியான 353 இடங்களைப் பார்த்து வயதைக் கணிக்கும் முறையைத் தந்தார். இப்படியான முறைகளை வைத்து 2023இல் ஒரு குழு, இடுப்பெலும்பு முறிந்து அவசரச் சத்திரசிகிச்சைக்குப் போன முதியவர்களின் இரத்தத்தைப் பார்த்தது. சத்திரசிகிச்சைக்கு மறுநாள் கல வயது ஏறியது. ஒரு கிழமைக்குள் பழைய அளவுக்கே இறங்கியது. கர்ப்பத்திலும் ஏறிப் பிரசவத்துக்குப் பிறகு இறங்குகிறது. இது சில நாள், சில மாத அழுத்தத்தின் கதைதான், பதினைந்து வருடத் துயரத்துக்கு அப்படியே பொருத்த நான் மாட்டேன். ஆனால் கலத்தின் வயது ஒரு பக்கம் மட்டும் ஓடுகிற மணிக்கூடு என்று நாங்கள் படிப்பித்தது பிழை என்பது அதிலிருந்து தெரிகிறது.

உங்களுக்கு ஆறு வயதில் நடந்தது நடந்ததுதான். அதன் பிறகு சாப்பிட்டீர்கள், படித்தீர்கள், யாரோ உங்களைப் பள்ளிக்கூடம் கூட்டிப் போயிருக்கிறார்கள். அந்த வருடங்களும் அதே உடம்புக்குள்தான் இருக்கின்றன.

சின்னக்குளம் | வியாழன், காலை 6.15

அம்மம்மாதான் கூட்டிப் போனவர். சைக்கிள் பாரில் வைத்து இல்லை, நடந்து. நன்றி சேர்.

வயல்வரம்பு | வியாழன், பிற்பகல் 1.30

வயலால் இப்போதுதான் வந்தேன். முதலில் எழுதியது நான்தான், கொஞ்சம் அவசரப்பட்டு எழுதிவிட்டேன் போலிருக்கிறது.

ஆம்பிளைகளைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. நெடுங்கேணிப் பக்கம் காலபோகத்தில் கதிர் முற்றினால் யானைக்காவல். பரணில் இருந்து விடியும்வரை வெடி கொளுத்துவோம். நித்திரை மூன்று மணித்தியாலம். விளைச்சல் பிழைத்தால் அடகு வைத்த நகை மூழ்கும். மனுசி எடுத்த நுண்கடனுக்குக் கிழமைக் கிழமை ஆள் வந்து படலையடியில் நிற்கும். அந்த நாளில் எத்தனையோ வீட்டில் ஆம்பிளை வீட்டில் நிற்கமாட்டான், கசிப்படியில் நிற்பான். அவனுக்கும் துயரம்தான். "யோசனை" என்று சொல்ல மனுசிக்கு ஒரு சொல்லாவது இருக்கிறது, எங்களுக்கு அதுவும் இல்லை. நான் குடியை விட்டு நாலு வருடம். விட்ட பிறகுதான் எனக்கு உள்ளே என்ன இருந்தது என்றே தெரிந்தது.

பாலைமரம் | வியாழன், இரவு 9.10

வயல்வரம்பு அண்ணை, நீங்கள் இதை இங்கே எழுதியதற்கு நன்றி. என் அனுபவத்தில் ஆண்கள் நெஞ்சுநோ என்றோ நாரிநோ என்றோதான் வருவார்கள். மருந்து எடுத்துக்கொண்டு எழும்பும்போது கதவடியில் நின்று ஒரு வசனம் சொல்வார்கள். அந்த வசனத்துக்காகத்தான் வந்திருப்பார்கள்.

மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் வன்னி மக்களின் துயரத்தைத் தனி ஆட்களின் நோயாக மட்டும் பார்க்கக் கூடாது, குடும்பமும் ஊரும் சேர்ந்து உடைந்த கூட்டுக் காயமாகப் பார்க்க வேண்டும் என்று எழுதினார். எங்கள் பெருமூச்சைக்கூட அவர் ஓர் அறிகுறியாகக் கவனித்தார். 2009 நடுப்பகுதியில் யாழ்ப்பாண மாவட்டத்தில் எடுத்த ஓர் ஆய்வில் 22 வீதமானவர்களுக்கு மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன, பதகளிப்பு 32 வீதத்துக்கும் மேல். இடம்பெயர்ந்து இருந்தவர்களிடம் கூடுதல். அது யாழ்ப்பாணம். வன்னிக்குள் இருந்து வந்தவர்களின் நிலையை நீங்களே நினைத்துப் பாருங்கள்.

இவ்வளவு பேருக்கு வந்தது கல நோய் என்று மருந்துக்கடையில் தீர்க்கிற விடயம் இல்லை. கடன் குறைய வேண்டும், காணி விட வேண்டும், பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்று பதில் வர வேண்டும். ஆனால் அதுவரை காத்திருக்காமல் இன்றைக்கே செய்யக்கூடியதும் இருக்கிறது. மனச்சோர்வு சிகிச்சைக்குக் கேட்கும். அரச ஆஸ்பத்திரிகளில் மனநலக் கிளினிக் இலவசம், மருந்தும் இலவசம். பஸ்ஸுக்குக் காசில்லாத நாளில், நடுராத்திரியில், 1926க்கு எடுக்கலாம். அது தேசிய மனநல உதவி இலக்கம், தமிழில் கதைக்கலாம்.

முல்லை_மகள் | அடுத்த செவ்வாய், இரவு 8.20

தாதி அக்கா, உங்களுக்குத்தான் முதல் நன்றி. அம்மாவுக்குச் சீனி. வெறும் வயிற்றில் 218. எத்தனை வருடமாக இருந்ததோ தெரியாது. இரத்தமும் குறைவாம். தைரொயிட் பிழையில்லை. குளிசை தொடங்கியாச்சு, விரலுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் மருந்து கட்டுகிறோம்.

டொக்டர் காயத்தைப் பார்த்துவிட்டு, "இரவில நித்திரை எப்பிடி அம்மா?" என்று கேட்டார். அம்மா வழக்கம்போல "யோசனை" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தார். டொக்டர் யோசிக்காதேங்கோ என்று சொல்லவில்லை. "என்ன யோசனை?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். அம்மா படலைக் கதையிலிருந்து மாத்தளன் வரைக்கும் சொன்னார். வெளியில் இலக்கம் கூப்பிடுகிறார்கள், வரிசை நீளுகிறது, டொக்டர் பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மனநலக் கிளினிக்குக்கு ஒரு துண்டு எழுதித் தந்தார். வெளியில் வந்ததும் அம்மா என் கையைப் பிடித்து, "என்னை விசரி எண்டு சொல்லுவினமோ பிள்ளை?" என்று கேட்டார். அப்போது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மருந்து கட்டும் இடத்தில் எங்களுக்கு முன்னால் இருந்த ஒரு வயதான அம்மா திரும்பி, "நானும் அங்கதான் போறனான், வெள்ளிக்கிழமையில. வாருமன் சேர்ந்து போவம்" என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கே வீட்டில் துண்டை எடுத்துக் கிளினிக் கொப்பிக்குள் வைத்தார்.

தாதி_அக்கா | செவ்வாய், இரவு 9.05

218க்கு விரல் எப்படி மாறும் அம்மா. நல்ல வேளை இப்போதாவது பிடித்தீர்கள். கால் பாதத்தையும் ஒவ்வொரு நாளும் பாருங்கள், விரல் இடுக்கு உட்பட. மனதுக்குக் குளிசை தந்தால் ஒரு விடயம்: முதல் இரண்டு மூன்று கிழமைக்கு ஒன்றும் தெரியாது. "வேலை செய்யேல்ல" என்று இடையில் நிறுத்திவிடுவார்கள், அங்கேதான் கூடுதலானவர்கள் விடுகிறார்கள். சுகம் வந்த பிறகும் டொக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

ரொறன்ரோ_தம்பி | புதன், காலை 6.50

அக்கா, பெட்டி வாங்க வைத்திருந்த காசு அப்படியே இருக்கிறது. வீட்டில் சீனி பார்க்கும் கருவியும் அதற்குரிய பட்டியும் வாங்க அனுப்பலாமா? இதற்கு ஓம் என்று சொல்லுங்கள்.

முல்லை_மகள் | புதன், இரவு 8.00

ஓம் தம்பி. அம்மாவிடம் கேட்டேன். "மல்லாவியில ஆற்ற பெடியன்?" என்று விசாரிக்கச் சொன்னார்.

முல்லை_மகள் | ஏழு கிழமைக்குப் பிறகு, ஞாயிறு, இரவு 9.30

பலர் தனிமடலில் கேட்டதால் எழுதுகிறேன். விரல் மாறிவிட்டது. நகத்தடியில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் இருக்கிறது. சீனி 130 அளவில் நிற்கிறது. வெள்ளிக்கிழமைகளில் அந்த அம்மாவோடு சேர்ந்து பஸ் ஏறுகிறார். கிளினிக் முடிந்து இருவரும் ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டுத்தான் வருவார்கள். அந்த அம்மாவுக்கும் ஒரு மகன்.

நித்திரை ஒரு மணியிலிருந்து விடிய ஐந்து வரை வருகிறது. போன கிழமை நாய் குரைத்தது, எழும்பவில்லை. நான்தான் எழும்பிப் போய்ப் பார்த்தேன். படலை திறந்துதான் இருந்தது. அதை நாங்கள் இப்போது கேட்பதில்லை.

தாதி_அக்கா | ஞாயிறு, இரவு 9.50

நல்லது அம்மா. மூன்று மாதச் சராசரிச் சீனி பார்க்கிற இரத்தப் பரிசோதனை இன்னும் செய்யவில்லையென்றால் அடுத்த கிளினிக்கில் ஞாபகப்படுத்துங்கள். கண்ணையும் ஒருக்கால் காட்டுங்கள்.